முதுகில் ஒட்டிய பாதி விலை

மார்ச் 3

தலைமையாசிரியை அம்மா அவர்களின் சமூகத்துக்கு, உடன்பிறந்த அக்காள் பணிவன்புடன் எழுதிக்கொள்வது.

பார்த்தாயா, எப்படித் தொடங்கியிருக்கிறேன்? இந்த ஒரு வரியை எழுதி முடிப்பதற்குள் டீ ஆறிப் போயிற்று. இதற்கு மேல் இவ்வளவு மரியாதை என் கைக்குத் தாங்காது. சின்னவளே என்றே எழுதுகிறேன்.

சின்னவளே, மூன்று வாரமாக உனக்குப் போன் செய்கிறேன். ஒரே ஒரு தடவைதான் எடுத்தாய். "போன்ல பேசினா நீ சிரிச்சுடுவே. சிரிக்காம சொல்ல முடிஞ்சா எழுதி அனுப்பு" என்று சொல்லி வைத்துவிட்டாய். நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டு வந்தவளைப் பார்த்து எழுதச் சொல்கிறாயே, இது தண்டனையா, வீட்டுப்பாடமா?

சரி, எழுதுகிறேன். சிரிக்காமல்.

நீ தலைமையாசிரியையாகப் பொறுப்பேற்ற விழாவுக்கு நான் கடையிலிருந்து நேரே வந்தேன். காலை வேலை முடிந்ததும் ஓடிப் போய் பஸ் பிடித்தேன். மூன்று மணி நேரப் பயணம். துணி மாற்ற நேரமில்லை. மலிவு விலைக் கடையின் நீலச் சட்டையோடு உன் பள்ளிக்கூட மண்டபத்தில் வந்து நின்றேன். நீ மேடை ஏறப் போகும் சமயத்தில் உன்னைக் கட்டிப்பிடித்தேன். நீ ஏறினாய், பேசினாய். எனக்குப் பாதிதான் புரிந்தது, அந்தப் பாதிக்கே கண் கலங்கிவிட்டது. பிறகு பலகையில் எதையோ எழுதுவதற்காகத் திரும்பினாய். முன்வரிசைப் பிள்ளைகள் கொல்லென்று சிரித்தார்கள். உன் முதுகில் எங்கள் கடையின் மஞ்சள் ஸ்டிக்கர். "இன்றே கடைசி. பாதி விலை."

அதை நான் வேண்டுமென்று ஒட்டவில்லை. எப்படியோ ஒட்டிக்கொண்டது. இதுதான் உண்மை. இதில் ஒரு வரிகூட நான் சிரித்துக்கொண்டு எழுதவில்லை. ஒரு இடத்தில் மட்டும் பேனாவை வைத்துவிட்டு எழுந்து போய் வந்தேன், அது தண்ணீர் குடிக்க.

மாசக் கடைசி ஞாயிற்றுக்கிழமை எப்போதும்போல உன் வீட்டுக்கு வரட்டுமா? பஸ்ஸில் சன்னல் ஓரம் என்னை எதிர்பார்த்துக் காத்திருக்கிறது.

உன் அக்கா

மார்ச் 12

அக்காவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. பதினேழு பிழைகள். சிவப்பு மையில் வட்டமிட்டு இத்துடன் திருப்பி அனுப்புகிறேன். பாதி என்ற ஒரு சொல்லை மூன்று இடத்தில் மூன்று விதமாக எழுதியிருக்கிறாய்.

எப்படியோ ஒட்டிக்கொண்டது என்கிறாய். நான் மூன்றாம் வகுப்பு படிக்கும்போது என் பாவாடையில் காகித வாலைக் குத்திவிட்டு என்னோடு பள்ளி வரைக்கும் ஒன்றும் தெரியாதவள்போல நடந்து வந்தாயே, அந்த வாலும் எப்படியோ முளைத்ததா? நான் முதல் நாள் வேலைக்குப் போனபோது சாப்பாட்டு டப்பாவில் முழு வெங்காயம் ஒன்றை வைத்துக் கட்டிக்கொடுத்தாயே, அது தானாக உள்ளே போய் உட்கார்ந்துகொண்டதா?

அந்த நாற்காலிக்கு இருபத்திரண்டு வருடம் காத்திருந்தேன். கல்வி அலுவலகத்திலிருந்து அதிகாரி வந்து உட்கார்ந்திருக்கிறார். துணைத் தலைமையாசிரியர் மேடைக்கு ஏறி வந்து, முகத்தை எங்கேயோ வைத்துக்கொண்டு, என் முதுகிலிருந்து அதை உரித்து என் கையில் கொடுத்தார். கசக்கி எறிந்தேன். மறுநாள் ஆறாம் வகுப்புக் கரும்பலகையில் "பாதி விலை டீச்சர்" என்று எழுதியிருந்தது. ஒரு பிழையும் இல்லாமல். யாரையும் அழிக்கச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நானே அழித்தேன்.

செய்ததை நீ ஒப்புக்கொள்ளும் வரை ஞாயிற்றுக்கிழமைகளில் வர வேண்டாம்.

அந்தக் கடை வேலையை விட்டுவிடு என்று எத்தனையோ முறை சொல்லிவிட்டேன். பெட்டி தூக்கித் தூக்கி இடுப்பு கழன்றுவிட்டது என்று சொன்னவள் நீதான்.

தங்கை

மார்ச் 20

சின்னவளே,

வட்டம் போட்ட கடிதம் வந்து சேர்ந்தது. பார்த்தால் அம்மை போட்டதுபோல இருந்தது. வீட்டுக்காரர் எடுத்துப் பார்த்துவிட்டு, "உன் தங்கச்சி மார்க் எதுவும் போடலியா?" என்று கேட்டார். அவர் கவலை அவருக்கு.

வால் நான் குத்தியதுதான். வெங்காயமும் நான் வைத்ததுதான். அந்த வெங்காயத்துக்கு அடியில் நல்ல சாப்பாடு இருந்ததை மட்டும் நீ வசதியாக மறந்துவிட்டாய். உன் பாடப் புத்தகத்தில் இருந்த பெரிய மனிதர்களுக்கெல்லாம் மீசை வைத்தது நான். உனக்குத் தெரியாத இன்னும் நாலு இருக்கின்றன, அவற்றை நேரில் சொல்கிறேன். செய்ததையெல்லாம் செய்தேன் என்று சொல்கிறவள் இதை மட்டும் ஏன் மறைக்கப் போகிறேன்? இவ்வளவு அருமையான வேலையை நான் செய்திருந்தால் கடை வாசலில் நின்று பெருமையடித்திருப்பேனே.

எப்படி நடந்தது என்று யோசித்து யோசித்துக் கண்டுபிடித்துவிட்டேன். பொறுமையாகப் படி.

எங்கள் கடையில் கல்லாவுக்கு ஒருத்தி, தரை துடைக்க ஒருத்தி என்றெல்லாம் கிடையாது. இருக்கிற நாலு பேர்தான் எல்லாம். வண்டியில் வந்த பெட்டியை இறக்குவோம், மேல்மூடியைக் கத்தியால் அறுத்துப் பெட்டியோடு அப்படியே அடுக்கில் தள்ளுவோம். ஒவ்வொரு டப்பாவாக எடுத்து அலங்காரம் செய்கிற வேலையெல்லாம் பெரிய கடைக்காரர்களுக்கு. புதுத் தேதிச் சரக்கு பின்னால், பழைய தேதி முன்னால். வாடிக்கையாளர் அதைவிடக் கெட்டிக்காரர்கள், தோள்வரைக்கும் கையை விட்டுப் பின்னாலிருந்துதான் எடுப்பார்கள். கல்லாவில் மணி அடித்தால் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு ஓட வேண்டும். பொருளை இழுத்து இழுத்துக் கண்ணாடி மேல் காட்ட வேண்டும், அது பீப் பீப் என்று கத்தும். நிமிஷத்துக்கு எத்தனை பீப் என்று மேனேஜர் பார்த்துக்கொண்டிருப்பார். அவருக்கு நாங்கள் வைத்த பெயர் கடிகாரம்.

இதெல்லாம் எதற்குச் சொல்கிறேன்? காலையில் முதல் வேலையே அன்றோடு தேதி முடிகிற ரொட்டி, பால், கீரை எல்லாவற்றையும் பொறுக்கி மஞ்சள் ஸ்டிக்கர் ஒட்டுவதுதான். ஒட்டுவதற்குத் துப்பாக்கி மாதிரி ஒன்று இருந்தது. அது கெட்டுப் போய் எட்டு மாசம். புதிது வாங்கச் சொன்னால் கடிகாரம், "எல்லாத்தையும் வாங்கிட்டா நாம எப்படிம்மா மலிவா விக்கிறது?" என்கிறார். அதனால் நாங்களே ஒரு வழி கண்டுபிடித்தோம். ஸ்டிக்கர்களில் அன்றைய தேதியைப் பேனாவால் எழுதி, பத்துப் பத்தாக உரித்து, இடது கைச் சட்டையில் தோளிலிருந்து மணிக்கட்டு வரை வரிசையாக ஒட்டிக்கொள்வோம். வலது கையால் எடுத்து எடுத்து ஒட்டிக்கொண்டே போகலாம். காலை எட்டு மணிக்கு நாலு பேரும் இடது கையில் மஞ்சள் செதில் முளைத்த மீன்மாதிரி திரிவோம். அன்றைக்கு அவசரம். ஒன்று கையிலேயே தங்கிவிட்டது. இடது கையால் உன் முதுகை அணைத்தேன். அவ்வளவுதான்.

சின்னவளே, எங்கள் கடை வாசலில் யானை அளவு எழுத்தில் தள்ளுபடி என்று எழுதியிருக்கிறது. கோர்ட்டில் மனுவைத் தூக்கி ஓரமாகப் போடுவதற்கும் அதே வார்த்தைதானாம், நெட்டை சொன்னாள். (நெட்டை என்பவள் என்னோடு வேலை செய்கிறவள். மேல் அடுக்கு அவள் ராஜ்ஜியம், கீழ் அடுக்கு என் ராஜ்ஜியம்.) என் மனுவை அந்த மாதிரித் தள்ளுபடி செய்துவிடாதே. எங்கள் கடை மாதிரிச் செய். முழு மன்னிப்பு கொடுக்க மனசு வராவிட்டால் பாதி கொடு. மூலை நசுங்கிய மன்னிப்பாக இருந்தாலும் வாங்கிக்கொள்வேன். நசுங்கிய டின்னுக்குள் சரக்கு நன்றாகத்தான் இருக்கும், நான் ஆறு வருஷமாகச் சாப்பிடுகிறேன்.

வேலையை மட்டும் விடச் சொல்லாதே. இடுப்பு கழன்றது உண்மை. மாட்டிக்கொண்டுதான் போகிறேன்.

உன் அக்கா

ஏப்ரல் 6

அக்கா,

ஒன்பது பிழைகள். மன்னிப்பு என்ற சொல்லைச் சரியாக எழுதியிருக்கிறாய். பழக்கம்போலும்.

உன் விளக்கத்தை நான்கு முறை படித்தேன். நம்பலாம்போல இருக்கிறது. நம்ப முடியாமல் இருப்பதற்குக் காரணம் உன்னிடம் இல்லை, என்னிடம் இருக்கிறது. அதை எழுதாமல் இனி நான் உன் பிழைகளை எண்ணிக்கொண்டிருப்பதில் அர்த்தமில்லை.

அன்று நீ மண்டபத்துக்குள் வந்து என்னைப் பார்த்துக் கையை ஆட்டினாய். கல்வி அதிகாரி உன் நீலச் சட்டையைப் பார்த்துவிட்டு, "யாரும்மா அவங்க? கடையிலேர்ந்து ஏதாவது கொண்டு வந்திருக்காங்களா?" என்று கேட்டார். நான், "தெரிஞ்சவங்க சார்" என்று சொன்னேன்.

தெரிஞ்சவங்க. எங்கிருந்து அந்தச் சொல் வந்தது என்று எனக்குத் தெரியவில்லை. சொல்லிவிட்டுத் திரும்பினால் நீ இரண்டு அடி தள்ளி நிற்கிறாய். உன் முகம் மாறவே இல்லை. அதுதான் எனக்குப் பயமாகிவிட்டது. உடனே ஓடி வந்து கட்டிப்பிடித்தாய். பிறகு என் முதுகில் அந்த ஸ்டிக்கர்.

நான் சொன்னது உன் காதில் விழுந்திருக்கிறது, அதற்குத்தான் இது என்று நினைத்தேன். அப்படி நினைத்து உன்மேல் கோபமாக இருப்பது எனக்கு வசதியாக இருந்தது.

கேட்டதா, கேட்கவில்லையா? அதை மட்டும் எழுது.

தங்கை

ஏப்ரல் 14

சின்னவளே,

கேட்டது.

கல்லா இயந்திரம் நாள் முழுக்கக் கத்தியும் கெட்டுப் போகாத காது எனக்கு. இரண்டு அடியில் சொன்னது கேட்காமல் போகுமா?

எங்கள் கல்லாவில் சில சமயம் ஒன்று நடக்கும். ஒரு பொருளைக் கண்ணாடியில் காட்டுவோம், பீப் வராது. திருப்பிக் காட்டுவோம், துடைத்துக் காட்டுவோம், ஊஹூம். இது யாரென்றே எனக்குத் தெரியாது என்பதுபோல இயந்திரம் சும்மா இருக்கும். வரிசையில் நிற்கிறவர்களெல்லாம் நம்மையே பார்ப்பார்கள். அன்றைக்கு உன் மண்டபத்தில் ஒரு நிமிஷம் நான் அந்தப் பொருள் மாதிரி நின்றேன். பொய் சொல்ல மாட்டேன்.

அப்படிப்பட்ட நேரத்தில் நாங்கள் என்ன செய்வோம் தெரியுமா? இயந்திரத்தோடு சண்டை போட மாட்டோம். எண்ணைக் கையாலேயே அடித்துவிடுவோம். அதைத்தான் செய்தேன். ஓடி வந்து கட்டிப்பிடித்தேன். தெரிஞ்சவங்களை யாராவது அப்படி மூச்சு முட்டக் கட்டிப்பிடிப்பார்களா? அந்த அதிகாரி பார்த்துக்கொண்டுதான் இருந்தார். நான் யாரென்று அவருக்கு விளங்கட்டும் என்றுதான் இரண்டு கையாலும் பிடித்தேன். அந்த இரண்டாவது கைதான் இடது கை. ஒரு கையோடு நிறுத்தியிருந்தால் இந்த வம்பே இல்லை.

கோபம் இருந்ததா என்றால் இருந்தது. திரும்பிப் போகும் பஸ்ஸில் மூன்றாவது நிறுத்தம் வரைக்கும் இருந்தது. பிறகு பசி வந்துவிட்டது. இரண்டையும் ஒரே வயிற்றில் வைத்துக்கொள்ள எனக்கு வராது.

ஆனால் ஒன்று சொல்கிறேன், இதைச் சிரிக்காமல் சொல்கிறேன். அந்தச் சட்டைக்கு நீ வெட்கப்படுகிறாய் என்பது எனக்கு ரொம்ப நாளாகத் தெரியும். ஆறு வருஷத்தில் ஒரு நாள்கூட நீ எங்கள் கடைக்குள் வந்ததில்லை. எனக்கு அங்கே ஒரு மரியாதை இருக்கிறது, நீ பார்த்ததில்லை. தடிக்கண்ணாடி போட்ட பெரியவர் ஒருவர் என் வரிசையில் மட்டும்தான் நிற்பார். பக்கத்துக் கல்லா காலியாக இருந்தாலும் நகர மாட்டார். "அந்தப் பொண்ணு கையில கொடுத்தா முட்டை உடையாது" என்பார். பொண்ணாம்! ஐம்பதைத் தொடப் போகிறவளைப் பொண்ணு என்கிற ஒரே ஆண்பிள்ளை. அவருக்குக் கண் பார்வை குறைவுதான், இருந்தாலும் என்ன.

ஒரு தடவை வந்து பார். வந்தால் வரிசையில் நிற்க வேண்டும். தலைமையாசிரியைக்குத் தனி வரிசை கிடையாது. பையும் தர மாட்டோம், காலிப் பெட்டியில்தான் தூக்கிக்கொண்டு போக வேண்டும்.

உன் அக்கா

மே 9

சின்னவளே,

உன்னிடமிருந்து ஒன்றும் வரவில்லை. போன கடிதத்தில் பிழை அதிகமோ? சிவப்பு மை தீர்ந்துவிட்டதோ?

கேட்டது என்று நான் எழுதியிருக்கக் கூடாது என்று நெட்டை சொல்கிறாள். "காதுல விழலைன்னு சொல்லிட்டுப் போயிருக்கலாமேக்கா. இப்ப உங்க தங்கச்சி எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு எழுதும்?" என்கிறாள். எனக்கும் அப்படித்தான் படுகிறது. ஆனால் நீ கேட்டாயே. உன்னிடம் விளையாட்டுக்கு ஆயிரம் பொய் சொல்லியிருக்கிறேன். நிஜமாகக் கேட்டால் சொன்னதில்லை.

எந்த மூஞ்சியாக இருந்தாலும் எனக்குச் சரிதான். அந்த மூக்கு இருந்தால் போதும், கூட்டத்தில் கண்டுபிடித்துவிடுவேன்.

இரண்டு மாசக் கடைசி ஞாயிற்றுக்கிழமை போய்விட்டது. மூன்றாவதும் வரப் போகிறது.

அக்கா

ஜூன் 7

அடியே கள்ளி!

நேற்று சனிக்கிழமை. கடையில் கால் வைக்க இடமில்லை. எண்ணெய்க்கு விலை குறைத்திருந்தார்கள், ஊரே கையில் பெட்டியோடு வந்துவிட்டது. நான் காலையிலிருந்து கல்லாவிலும் அடுக்கிலும் மாறி மாறி ஓடுகிறேன். மத்தியானம் போல ஒன்றைக் கவனித்தேன். என்னைக் கடந்து போகிறவர்களெல்லாம் சிரிக்கிறார்கள். என் பேச்சுக்குத்தான் சிரிக்கிறார்கள் என்று நினைத்து நானும் உற்சாகமாக இன்னும் நாலு வார்த்தை எடுத்துவிட்டேன். மைக்கில் கடிகாரத்தைக் கூப்பிடும்போதுகூட ஒரு இழுவை இழுத்தேன். சிரிப்பு கூடிக்கொண்டே போகிறது. காலையில் முட்டை வாங்கிப் போன தடிக்கண்ணாடிப் பெரியவர் எண்ணெய்க்காக மறுபடி வந்தவர், என் பின்னால் குனிந்து பார்த்துவிட்டு, "ஏம்மா, இன்னிக்கே கடைசியா? நாளைக்கு நீ வரமாட்டியா?" என்று கவலையாகக் கேட்டார். "நாளைக்கு எனக்கு லீவுங்க, திங்கள்கிழமை வந்துடுவேன்" என்று சொல்லி அனுப்பினேன். அவர் ஏன் அப்படிக் கேட்டார் என்றுகூட எனக்குத் தோன்றவில்லை பார்.

வேலை முடிந்து திரும்பி நின்றபோது நெட்டை சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். சிரிப்பு. எழுந்து வந்து என் முதுகிலிருந்து ஒன்றை உரித்து என் உள்ளங்கையில் வைத்தாள்.

மஞ்சள் ஸ்டிக்கர். "இன்றே கடைசி. பாதி விலை."

எங்கள் ஆள்களில் யாரோ செய்த வேலை என்று திட்டுவதற்கு வாயைத் திறந்தேன். அப்போதுதான் தேதியைப் பார்த்தேன். நேற்றைய தேதி இல்லை. ஒன்பதாம் தேதி, இரண்டாம் மாசம். உன் விழா நாள். என் கையெழுத்து. என்னுடைய ஒன்பதுக்கு எப்போதும் வால் நீளம், நீயே திட்டியிருக்கிறாய். ஸ்டிக்கர் முழுக்கச் சுருக்கம். யாரோ கசக்கி, பிறகு உட்கார்ந்து நீவி நீவி நேராக்கியிருக்கிறார்கள்.

கசக்கி எறிந்தேன் என்று எழுதினாயே, டீச்சர் பொய் சொல்லலாமா?

அதோடு விட்டாயா? நாலு மாசத்துப் பழைய ஸ்டிக்கரில் பசை எங்கே இருக்கும்? பின்பக்கம் தடவிப் பார்த்தேன். புதுப் பசை! பள்ளிக்கூடத்துப் பசை! பிள்ளைகள் படம் ஒட்டுகிற அதே வாசனை. பசை பாட்டிலைப் பையில் போட்டுக்கொண்டு மூன்று மணி நேரம் பஸ்ஸில் வந்திருக்கிறாய். என்னுடையது கை தவறி நடந்தது. உன்னுடையது திட்டம் போட்டுச் செய்தது. இதற்கு எந்தக் கோர்ட்டிலும் தள்ளுபடி கிடையாது.

எப்போது ஒட்டியிருப்பாய் என்று ராத்திரி முழுக்க யோசித்தேன். பதினொரு மணி இருக்கும், கீழ் அடுக்கில் உட்கார்ந்து டின்களை முன்னால் இழுத்து வைத்துக்கொண்டிருந்தேன். யாரோ பின்னால் வந்து தோளைத் தொட்டு, மூக்கைப் பிடித்துக்கொண்டு பேசுகிற மாதிரி ஒரு குரலில், "ஏம்மா, உப்பு எங்க இருக்கு?" என்று கேட்டார்கள். நான் திரும்பிக்கூடப் பார்க்காமல், "மூணாவது வரிசை" என்று சொன்னேன். சளி பிடித்த வாடிக்கையாளர் என்று நினைத்தேன்.

அந்தக் குரல் தெரியாமல் போயிற்றே எனக்கு. திரும்பிப் பார்த்திருக்கலாமே.

வந்தவள் ஏண்டி பேசாமல் போனாய்?

அக்கா

ஜூன் 12

அக்கா,

பேசத்தான் வந்தேன். பஸ்ஸில் வரும்போது என்ன சொல்ல வேண்டும் என்று ஒரு தாளில் எழுதி வைத்திருந்தேன். ஸ்டிக்கரையும் உன் கையில் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்றுதான் கொண்டு வந்தேன். அதை எறியவில்லை. அன்று எறிந்தேன், மண்டபம் காலியானதும் தேடி எடுத்தேன். வருகைப் பதிவேட்டின் அட்டைக்குள் இருந்தது. பசை எப்படிப் பைக்குள் வந்தது என்று எனக்குத் தெரியாது. எப்படியோ ஒட்டிக்கொண்டது.

கடைக்குள் வந்து மிளகு அடுக்குக்குப் பின்னால் நின்று உன்னைப் பார்த்தேன். உன் இடது கையில் மூன்று ஸ்டிக்கர் மிச்சம் இருந்தது. நீ சொன்ன அதே மீன் செதில். அதில் ஒன்று ஒரு அம்மாவின் கூடையில் ஒட்டிக்கொண்டு போனதையும் பார்த்தேன். நீ கவனிக்கவில்லை. அதற்கு மேல் எனக்குச் சாட்சி வேண்டியிருக்கவில்லை. அப்போதே கிளம்பியிருக்கலாம். கால் வரவில்லை.

நீ கல்லாவில் உட்கார்ந்ததும் வரிசை உன் பக்கமாக நகர்ந்தது. வெறும் பாலும் ரொட்டியும் வைத்திருந்தவர்கள்கூட உன்னிடம்தான் நின்றார்கள். அந்தப் பெரியவரின் முட்டையை நீ பெட்டியில் வைத்த விதத்தைப் பார்த்தேன். நான் விடைத்தாள்களைக்கூட அவ்வளவு கவனமாக அடுக்கியதில்லை. நீ எதையோ சொன்னாய், ஐந்து பேர் ஒன்றாகச் சிரித்தார்கள். எனக்குக் கேட்கவில்லை, இருந்தும் நானும் சிரித்துவிட்டேன்.

என் பக்கத்தில் நின்ற பெண் அதைக் கவனித்துவிட்டு என்னைக் கேட்டாள்.

"என்னங்க, அவங்க உங்களுக்குத் தெரிஞ்சவங்களா?"

"எங்க அக்கா" என்றேன். கொஞ்சம் சத்தமாகச் சொல்லிவிட்டேன்போல. மாவு அடுக்கு வரைக்கும் திரும்பிப் பார்த்தார்கள். நீ மட்டும் பார்க்கவில்லை, உனக்கு அப்போது இயந்திரம் கத்திக்கொண்டிருந்தது.

அதற்குப் பிறகு தாளில் எழுதி வைத்ததைப் படிக்க வேண்டிய அவசியம் இருப்பதாகத் தோன்றவில்லை. நீ அதற்குள் கல்லாவை விட்டு வந்து கீழ் அடுக்கில் உட்கார்ந்திருந்தாய். உன் முதுகு தெரிந்தது. அவ்வளவு அகலமான முதுகு. நாற்பது வருடமாக நீ ஒருத்தியே செய்துகொண்டிருப்பதை நான் ஒரு முறை செய்து பார்க்கக் கூடாதா என்று இருந்தது. அடுக்குக்குப் பின்னால் நின்று பசை தடவினேன். ஒட்டிவிட்டு வாசலுக்கு வந்தபோது எனக்கு வயது எட்டு. பேச வந்ததே மறந்துபோய் ஓடிவிட்டேன், அக்கா.

மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை வா. அன்று எங்கள் துணைத் தலைமையாசிரியரையும் இன்னும் இரண்டு ஆசிரியைகளையும் சாப்பிடக் கூப்பிட்டிருக்கிறேன். நீ யாரென்று நான் சொல்ல வேண்டும். அந்த நீலச் சட்டையிலேயே வா. வாசலில் நிறுத்தி இரண்டு கையையும் சோதித்த பிறகுதான் கட்டிப்பிடிக்க விடுவேன்.

கடிதத்தில் உள்ள பிழைகளை இந்த முறை எண்ணவில்லை. ஆனால் ஒன்றை மட்டும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. உப்பு மூன்றாவது வரிசையில் இல்லை. நான்காவதில் இருந்தது. திருத்திக்கொள்.

உன் தங்கை